தீர்த்தம்

“சத்தியமா நான் குடிக்கலைங்க,” என்றான், கரி அடுப்பு வைத்து ஓட்டும் கரிவாயு பஸ்ஸின் டிரைவர் சவரிநாதன்.

“பஸ் ஜட்கா வண்டியை இடிச்சப்போ உன் வாயிலே வாடை வந்துதுன்னு இன்ஸ்பெக்டர் சொல்றாரே,” என்றார் ஸ்ரீரங்கத்து வக்கீல் பராசரன். “அன்னிக்குக் காலம்பற எங்கே போயிருந்தே?”

“ஞாயித்துக்கிழமை பூசைக்குங்க. அங்கேருந்து நேரா வந்து பஸ்ஸை எடுத்தேன்.”

வக்கீலின் முகம் மலர்ந்தது. “போதும். கோர்ட்டிலே நீ வாயைத் திறக்காதே. லைசென்ஸ் போகாமே நான் பாத்துக்கறேன்.”

திருச்சி கோர்ட்டில் சவரிநாதனின் மனைவி வியாகுலம்மாள் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். பராசரன் எழுந்தார்.

“கனம் கோர்ட்டார் அவர்களே, பெருமாள் கோயிலில் எங்களுக்குத் தீர்த்தம் சாதிப்பதுபோல, மாதா கோயிலில் இவர்களுக்குத் திராட்சை ரசம் தருகிறார்கள். என் கட்சிக்காரர் குடித்தது அந்தப் பாத்திரத்து ரசம்தான். பக்தி குற்றமாகுமா?”

மாஜிஸ்திரேட் தலையை ஆட்டினார். கேஸ் ஜெயித்த மாதிரிதான் இருந்தது.

கூண்டில் நின்ற சவரிநாதன் பதறிக் கையெடுத்துக் கும்பிட்டான். வியாகுலம்மாள் கையிலிருந்து ஜெபமாலை நழுவி விழுந்தது.

“ஐயோ, இல்லைங்க எசமான். அந்த ரசத்தைச் சாமியார் மட்டும்தாங்க குடிப்பாரு. பாத்திரத்தை நாங்க தொட்டாலே பாவம். நான் குடிச்சது கள்ளுங்க. பூசை முடிஞ்சு, வர்ற வழியிலே.”

அபராதம் விதித்த மாஜிஸ்திரேட், லைசென்ஸையும் ரத்து செய்தார்.

அந்தப் பெண்ணுக்கு என்ன சமாதானம் சொல்வதென்று தெரியாமல் பராசரன் திரும்பினார். வியாகுலம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு, பெருமூச்சு விட்டாள்.

“கள்ளுதானா? மாதாவே, நான் பயந்தே போயிட்டேன்.”