பின் சீட்டுக்கு அடியில்

ஜெபா வாங்கிய பழைய சொகுசு கார் ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வழியில் மூன்று முறை நின்றுவிட்டது. மூன்றாம் முறை, பின்னால் வந்த லாரி ஒரு முழ இடைவெளியில்தான் பிரேக் பிடித்தது. பின் சீட்டில் மகள் இருந்தாள்.

மெக்கானிக் பொன்னுராஜ் பெட்ரோல் பம்பை மாற்றிக் கொடுத்தான். "அக்கா, இந்த வண்டில டிரைவர் கதவத் தொறந்தாலே போதும், சாவி போடாமலே பின் சீட்டுக்கு அடில பம்பு ரெண்டு செகண்டு ஓடும். அந்தச் சத்தம் கேட்டா பம்பு நல்லாருக்குன்னு அர்த்தம்."

மறுநாள் காலை ஏழேகாலுக்கு ராஜபாளையத்தில் வீட்டு ஷெட்டைத் திறந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. சாவி அவள் கையில் இருந்தது. கார்க் கதவுகள் பூட்டியிருந்தன. அடுத்த நாளும் அதே ஏழேகாலுக்குக் கேட்டது. மகளை பஸ்ஸில் அனுப்பிவிட்டுப் பொன்னுராஜைக் கூப்பிட்டாள்.

"வயரிங் கோளாறா இருக்கும்க்கா. எதுக்கும் பம்பக் கழட்டிக் கொண்டுபோய்ப் பாக்கேன்" என்று ஸ்ரீவில்லிபுத்தூர் பட்டறைக்கு எடுத்துப் போனான்.

மறுநாள் ஏழேகாலுக்கு ஜெபா ஷெட் வாசலில் நின்றாள். சத்தமே இல்லை. அப்பாடா என்று திரும்பி இரண்டடி வைத்தபோது போன் வந்தது.

"அக்கா, இப்ப வண்டிக் கதவத் தொறந்தீகளா?"

"இல்லையே தம்பி. ஏன்?"



"மேசைல சும்மா கெடந்த பம்பு ரெண்டு செகண்டு ஓடுச்சுக்கா. வயரே கொடுக்கல."

ஜெபா திரும்பிப் பார்த்தாள். கார்க் கதவுகள் பூட்டியபடியே இருந்தன. கதவைத் திறந்ததும் எரிந்து, ஆள் ஏறி மூடிக்கொண்டதும் மெல்ல அணையும் அந்த உள்விளக்கு, அப்போதுதான் அணைந்துகொண்டிருந்தது.