குளோரின் வாசனை

கொல்லைப்புற நீச்சல் குளத்தைச் சுத்தம் செய்ய மகள் அனுப்பிய ஆளை ஞானசேகர் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

மகள் போனில் கோபித்துக்கொண்டாள். “அம்மா போனதுக்கப்புறம் அதுல இறங்க யாருப்பா இருக்கா? உங்களுக்கு நீச்சலும் தெரியாது. சுத்தம் பண்ண ஆளும் வேண்டாம்னா, மண்ணைப் போட்டு மூடிடலாம்.”

“பார்க்கலாம்மா.”

வலையால் வேப்பஞ்சருகுகளை அரித்தெடுத்தார். குளோரின் தூளை வாளித் தண்ணீரில் கரைத்து, குளத்தைச் சுற்றி நடந்துகொண்டே ஊற்றினார். மனைவி வத்சலா உயிரோடு இருந்தவரை, காலையில் நீந்திவிட்டு வந்து, ஈரத்தலையை அவர் தோளில் சாய்த்துக்கொண்டுதான் பேப்பர் படிப்பாள். எவ்வளவு அலசினாலும் அவள் கூந்தலை விட்டுப் போகாது இந்த வாசனை.

கை கழுவக் குழாயைத் திறந்தவர், நனைக்காமலே மூடினார். உள்ளே போய், அவள் தலையணையில் கையை வைத்து, அதன்மேல் முகம் புதைத்துப் படுத்தார். கண் எரிந்தது. கையை எடுக்கவில்லை.