வாசலில் நின்ற படம்

மூன்றாவது முறையாக அந்த அம்மாள் வந்து நின்றதைப் பார்த்ததும், மீரா கையிலிருந்த விலைப்பட்டியலைச் சற்று ஓசையோடு மேசைமேல் வைத்தாள்.

"அந்தப் படத்த..." என்று அம்மாள் தொடங்கினார்.

"எடுக்க முடியாதுங்க. ரெண்டு தடவ சொல்லிட்டேன்."

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் கல்யாணப் பொருள் கண்காட்சியின் இரண்டாம் நாள். பட்டுப்புடவை, வாடகை நகை, மருதாணி, மேடை அலங்காரம் என்று இருபது கடைகள். வாசலை ஒட்டிய கடை, மீராவும் அவள் கணவன் சபரீஷும் நடத்தும் கல்யாணப் போட்டோ ஸ்டூடியோவினுடையது. அந்த இடத்தைப் பிடிக்கச் சபரீஷ் ஒரு மாதம் நடையாய் நடந்திருந்தான். இன்று அவன் பெண்ணாடத்தில் ஒரு கல்யாணத்துக்குப் படமெடுக்கப் போய்விட்டான். மீரா தனியாளாய் நின்று வந்தவர்களிடமெல்லாம் பேசிப் பார்த்தாள். ஆல்பத்தைப் புரட்டுவார்கள், போய்விடுவார்கள். தை மாதத்துக்கு ஒரு முகூர்த்தம்கூட இன்னும் பதிவாகவில்லை. பதிவாகாவிட்டால் ஸ்டூடியோவைத் தொடர்ந்து நடத்துவதே சந்தேகம்.

இருந்த ஒரே பலம், வாசலில் ஆறடி உயரத்துக்கு நிறுத்தியிருந்த அந்தப் படம். மணப்பெண்ணின் புருவத்தில் ஒட்டிக்கொண்ட அட்சதை அரிசியை மாப்பிள்ளை ஒற்றை விரலால் எடுக்கிறான். அவள் கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். மீரா சபரீஷை மணப்பதற்கு முன்பே அவன் எடுத்த படம். உள்ளே நுழைகிற எவரும் அதன் முன்னால் ஒரு நொடியாவது நிற்காமல் போவதில்லை.

அதன்மேல்தான் அந்த அம்மாளுக்குக் காலையிலிருந்து கண்.

முதல் முறை வந்தபோது, படத்தை உள்ளே தள்ளி வைக்கச் சொன்னார். ஏன் என்று கேட்டால், "சும்மாதாம்மா" என்றார். போகிற போக்கில் ஒரு பீங்கான் குங்குமச் சிமிழும் கேட்டார். கைப்பேசி எண்ணை எழுதிக் கொடுப்பவர்களுக்குத் தருவதற்காக மீரா உள்ளூரிலேயே செய்வித்தவை அவை. எண்ணை எழுத மாட்டாராம். சிமிழ் மட்டும் வேண்டுமாம். அதுவும் கீறல் இல்லாததாக வேண்டுமென்று பெட்டியின் அடிவரை மீராவைத் துழாவ வைத்தார்.

இரண்டாம் முறை, ஒரு மணி நேரத்துக்கு மட்டும் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைக்கலாமே என்று யோசனை சொன்னார். சொல்லிக்கொண்டே, படத்து மாப்பிள்ளையின் தோள்பட்டையை முந்தானையால் துடைத்தார்.

"தொடாதீங்க, அழுக்காயிடும்," என்றாள் மீரா.

போட்டிக் கடைக்காரர் யாரேனும் ஏவிவிட்ட ஆளோ என்ற ஐயம் அப்போதுதான் எழுந்தது. சபரீஷுக்குப் போன் போட்டாள். கெட்டிமேளச் சத்தத்துக்கு நடுவே, யார் சொன்னாலும் அந்தப் படத்தை மட்டும் எடுத்துவிடாதே, அதைப் பார்த்துத்தான் நாலு பேர் நிற்கிறார்கள் என்று கத்திவிட்டு வைத்துவிட்டான்.

இப்போது மூன்றாம் முறை. முடியாது என்று சொன்ன பிறகும் அம்மாள் நகரவில்லை.

அந்த நேரம் பார்த்து மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மகன் துபாயிலிருந்து ஜனவரியில் வருகிறானாம், வந்தவுடன் கல்யாணமாம். மீரா முகம் மலர்ந்து, வாசல் படத்தைக் காட்டக் கையை நீட்டினாள். படத்துக்கு நேர் எதிரே, முந்தானையை இரு கைகளாலும் விரித்துப் பிடித்து உதறியவாறு அம்மாள் நின்றுகொண்டிருந்தார். மாப்பிள்ளையும் தெரியவில்லை, பெண்ணும் தெரியவில்லை. அந்தக் குடும்பம் கொஞ்சம் தயங்கிவிட்டு, அடுத்த கடைக்குப் போய்விட்டது.

"என்ன மீரா, கடைக்கு வாட்ச்மேன் போட்டுருக்கியா?" என்று பக்கத்து வாடகை நகைக் கடைக் கயல்விழி சிரித்தாள்.

மீராவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"எங்க பொழப்புல ஏம்மா மண்ண அள்ளிப் போடுறீங்க? இந்தப் படம் ஒங்கள என்ன பண்ணுச்சி? இதுல இருக்கறவங்க ஒங்களுக்கு ஒறவா, மொறையா?"

அம்மாள் வாய் திறப்பதற்குள் அவருடைய கைப்பேசி ஒலித்தது. "பஸ்ஸு வந்துட்டுதா? ஒண்ணும் அவசரமில்ல, ஆளுக்கொரு டீ குடிச்சிட்டு மெதுவா வாங்க," என்று சொல்லி வைத்தார். கயல்விழி அந்தப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்துவிட்டு, மீராவின் காதருகே வந்தார்.

"எனக்குக் கம்மாபுரம்மா. எம்மருமவ வருது. கட்டிக்கப்போற பையனும் கூட வராரு. கல்யாணப் பொடவ எடுக்கணும்."

மீரா விழித்தாள். மருமகளுக்குக் கல்யாணமா?

"நாங்கதாம்மா பேசி முடிச்சோம். எம்மவன் தவறிப்போயி ரெண்டு வருசம் ஆவுது. அழுதுட்டே கெடந்த பொண்ணு, இப்பதான் சரின்னு தலையாட்டிருக்குது. அந்தச் சிமிழுகூட அதுக்குத்தான். வாசல்லயே இதப் பாத்துதுன்னா அப்பிடியே திரும்பி வூட்டுக்குப் போயிடும். இத்தன பேரு நடமாடுற எடத்துல இத எப்பிடிம்மா வாய் விட்டுச் சொல்றது?"

மீரா படத்தைப் பார்த்தாள். ஓராண்டாக நாள் தவறாமல் பார்த்த முகங்கள். அவர்கள் யார், எந்த ஊர் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

படத்தின் சட்டத்தை இரு கைகளாலும் பிடித்துச் சுவர்ப்பக்கமாகத் திருப்பத் தொடங்கினாள்.

அம்மாளின் கை அவள் மணிக்கட்டைப் பற்றியது.

"கொஞ்சம் மெதுவாத் திருப்பும்மா. எம்புள்ளைய இவ்ளோ பெருசா நான் பாத்ததே இல்ல."