குறை சொல்பவர்

சின்னாளப்பட்டியில் இருந்தபடியே ஊர் உலகமெல்லாம் சுங்குடிச் சேலை விற்கும் தேன்மொழியின் இணையக் கடையில் வேலைக்கு ஆள் சேர்ப்பது வெகு சுலபம். ஆளின் சட்டையில் ஒரு டேக்கை ஒட்டி, அதில் என்ன வேலை என்று எழுதிவிட்டால் போதும். அந்த வேலை வரும்போதெல்லாம் கடையே அவரைத் தேடிக் கூப்பிட்டுக்கொள்ளும்.

கல்யாணமான நாள் முதலாய் சாம்பார், மின்விசிறி, மாமனார் வீடு என்று எதையும் விட்டுவைக்காத கணவர் அறவாழியின் காலரில், ஒருநாள் வந்த கடுப்பில், 'குறை சொல்பவர்' என்று ஒட்டிவிட்டாள்.

கடை அவரை விடவேயில்லை. ஒவ்வொரு சேலை கிளம்பும் முன்பும் அவர் காதில் மணி அடித்தது. "முந்தி கோணல்", "சாயம் ஒட்டுது" என்று நாளெல்லாம் பொரிந்து தள்ளினார். வாங்கியவர்கள் சேலையைத் திருப்பி அனுப்புவது நின்றேபோனது.

வீட்டிலும் சத்தம் நின்றுபோனது. ரசத்தில் இரண்டு தடவை உப்பு விழுந்த அன்றும் அவர் பேசாமல் சாப்பிட்டுக் கை கழுவினார்.

"ஏங்க, ரசம் எப்படி இருந்துச்சு?"

"இருந்துச்சு."

தேன்மொழி அன்றே டேக்கைப் பிய்த்தெறிந்தாள். மறுநாள் வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டாள்.

ஒரு வாய் வைத்தவர் முகம் சுளித்தார். "என்ன தேனு இது, உப்பளத்துல வாளிய முக்கிட்டு வந்தியா?"

அந்நேரம் பார்த்துக் கடை கேட்டது: "குறை சொல்ல ஆள் இல்லை. அவரையே கூப்பிடவா?"

"நீ வேற ஆளப் பாத்துக்க" என்றாள் தேன்மொழி, அவர் தட்டில் இன்னொரு கரண்டி ரசத்தை ஊற்றியபடி.