நான்காவது டிஸ்க்

மலாக்காவின் காஜா பெராங் பகுதியில், சபியா வீட்டின் முன்னறையில், அந்தி வெயில் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தைத் தொடுகிறது. திரையில் 1957, மலாயா விடுதலை பெற்ற மெர்டேக்கா நாள். சென்ற நோன்பில் மவுத்தாகி அடக்கமான அவள் அத்தா, மீசை அரும்பிய வயதில், மலாக்கா திடலில் கையைத் தூக்கியபடி அசையாமல் நிற்கிறார். படம் நகர மறுக்கிறது. படத்தைப் பகிர்ந்து சேமித்திருக்கும் நான்கு டிஸ்க்குகளை ஒன்றாய்க் கோத்த பெட்டியில் மூன்று விளக்குகள் சிமிட்டி ஓய்கின்றன. நான்காவது அணையாமல் எரிகிறது.

“இது ஒண்ணுதான் ரொம்ப லம்பாட், ஆமை மாதிரி மெதுவா ஓடுது. மத்த மூணும் இதுக்காகக் காத்துக்கிட்டு நிக்குது,” என்கிறார் கணவர் ஷரீஃபுதீன். பழைய கம்ப்யூட்டரில் கிடந்ததைத் தூக்கிப்போட மனமில்லாமல் அவரே சேர்த்த டிஸ்க். அதை உருவுகிறார். அது இல்லாமலே மிச்ச மூன்றும் சமாளித்துக்கொள்ள, படம் தண்ணீராய் ஓடுகிறது. அத்தா இரண்டு முறை கையசைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விடுகிறார்.

சபியாவின் முகம் திரையை விட்டு அகலவில்லை. “ஏங்க, அந்தப் பழசையே திரும்ப மாட்டுங்களேன். அத்தா கொஞ்ச நேரம் நின்னாங்க.”

படத்தை நிறுத்தி வைக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அதைச் சொல்லாமல், சூடு ஆறாத டிஸ்க்கை ஷரீஃபுதீன் மெல்ல உள்ளே தள்ளுகிறார்.