குவாரிக் குட்டை மீன்

அனிதா படியேறி வருவதைக் கண்டதும் பேராசிரியர் திருமுருகன் சட்டென்று பெரிய விளம்பரத் தட்டிக்குப் பின்னால் பதுங்கினார். 'நீர்வாழ் உயிரியல் மாநாடு, பெரம்பலூர்' என்று எழுதிய தட்டி. தன்னிடம் ஆராய்ச்சி செய்கிற பெண்ணைப் பார்த்து ஒரு பேராசிரியர் ஒளிகிறார் என்றால் விஷயம் இல்லாமலா இருக்கும்?

அவள் விடவில்லை. தட்டிக்குப் பின்னாலேயே வந்து நின்றாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"சார், அந்த மீன் விஷயமா ரெண்டு நிமிஷம் பேசணும். ராத்திரி பூரா தூங்கல சார்."

"அப்புறம்மா, அப்புறம். உள்ள ஆரம்பிச்சுட்டாங்க பாரு."

அந்த வழியாக வந்த மூத்த பேராசிரியை தேவயானி மேடம் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். திருமுருகன் ஓடாத குறையாக அரங்குக்குள் நுழைந்தார்.

தூங்காதவர் அவரும்தான். நேற்று மாலை நெட்வொர்க்கிங் மீட்டிங். பேர்தான் பெரிது, நடந்ததென்னவோ சூப்பும் மிளகாய் பஜ்ஜியும். பெண்கள் எல்லாரும் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்கள். அனிதாவும் உடையார்பாளையம் போயாக வேண்டும்.

மிச்சமிருந்த ஆண்கள் தோளில் கைபோட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, சென்னை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த இயக்குநர் அமிர்தலிங்கம் கண்காட்சி மேசையில் இருந்த கண்ணாடி ஜாடியைத் தூக்கிப் பார்த்தார். அரியலூர்ப் பக்கம் கைவிட்ட சுண்ணாம்புக்கல் குவாரிக் குட்டையில் பிடித்த மீன். வாலில் மஞ்சள் வரி. இந்த வட்டாரத்தில் யாரும் இதைப் பார்த்ததாகப் பதிவே இல்லை.

"அட! யாருய்யா கண்டுபிடிச்சது?"

"நான்தான் சார்."

பாழும் வாய், சொல்லிவிட்டது. கோடை முழுக்க வலையோடு அந்தக் குட்டையில் இறங்கியவள் அனிதா. இவர் அதன் கரையைக்கூட மிதித்ததில்லை. இயக்குநர் கைகுலுக்கினார், எல்லாரும் கைதட்டினார்கள், போட்டோ மாநாட்டு வாட்ஸ்அப் குழுவுக்குப் போயிற்று. கையிலிருந்த பஜ்ஜியை அவர் அப்படியே தட்டில் வைத்துவிட்டார்.

அரங்கில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கழித்து ஓரக்கண்ணால் கண்காட்சி மேசையைப் பார்த்தார். மீன் ஜாடியைக் காணோம். எடுத்துவிட்டாள்! தன் பொருளைத் தான் எடுத்துக்கொண்டாள், இனி மைக்கைப் பிடித்து மானத்தை வாங்கப்போகிறாள். வாங்கட்டும், செய்த காரியம் அப்படி.

ஆய்வுத் துறையில் ஆண் பெண் சமத்துவம் பற்றிய கலந்துரையாடல் அது. தலைமை தேவயானி மேடம்.

"நாம பஸ்ஸுக்கு ஓடுற நேரத்துல இவங்க பஜ்ஜி தின்னுக்கிட்டே புராஜெக்டைப் பங்கு போட்டுக்கறாங்க. நம்ம உழைப்பு யாரு பேர்ல போகுது? யாராவது எந்திரிச்சுச் சொல்லுங்கம்மா!"

அரங்கம் சிரித்தது. திருமுருகனுக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்பா இல்லாத பெண், அவளுடைய ஆராய்ச்சிக்கு இருந்த ஒரே பிடிப்பு அந்த மீன். அதையும் பிடுங்கிக்கொண்டோமே, நாமெல்லாம் ஒரு வாத்தியாரா?

பின் வரிசையில் அனிதா எழுந்தாள். அதற்குள் இவரும் எழுந்துவிட்டார்.

"மேடம், நான் முதல்ல பேசிடறேன். அந்த மீனைக் கண்டுபிடிச்சது நான் இல்லைங்க, அனிதா. முழுக்க முழுக்க அந்தப் பொண்ணோட உழைப்பு. நேத்து நான்தான்னு சொன்னது பெரிய தப்பு. எல்லாரும் மன்னிச்சுடுங்க."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. தேவயானி மேடமே எழுந்து நின்று தட்டினார், இயக்குநர் 'சபாஷ்' என்றார். திருமுருகனுக்கு இப்போதுதான் மூச்சு சீராக வந்தது.

அனிதா மட்டும் கைதட்டவில்லை. மைக்கை வாங்கினாள்.

"அது புது மீன் இல்லைங்க. குவாரி வாட்ச்மேன் கொளஞ்சியப்பன் அண்ணன் நேத்து ராத்திரி போன் பண்ணாரு. கொசுப்புழுவைத் திங்கும்னு அவருதான் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு கலர் மீன் கடையில வாங்கியாந்து குட்டையில வுட்டாராம். அதான் ஜாடியை எடுத்து ஒளிச்சு வச்சேன். விசாரிக்காம வந்தது என் தப்புங்க. காலையில வந்ததும் வராததுமா இதைச் சொல்லத்தான் சார்கிட்ட போயி நின்னேன்..."

முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கைதட்டியவர்கள் எல்லாரும் திருமுருகன் பக்கம் திரும்பினார்கள்.

'ஐயோ, எனக்குத் தெரியாதும்மா' என்று சொல்ல திருமுருகன் வாயைத் திறந்தார். அதற்குள் காலையில் தட்டிக்குப் பின்னால் இருவரும் நின்றதைப் பார்த்த தேவயானி மேடம், கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரையே உற்றுப் பார்த்தார்.

"அதான் இன்னைக்கு இவ பேரைச் சொன்னீங்களா சார்?"