கிழக்குப் பவுண்டரி

உப்பு மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கியின் மதில் மைதானத்தை ஒட்டி நின்றதால் கிழக்கே பவுண்டரி மிகக் கிட்டமாக இருந்தது. அதை நம்பித்தான், அந்தப் பக்கமே தூக்கி அடிக்கும் இடதுகை பேட்ஸ்மேன் ராயப்பனைக் கேப்டன் சுடலைமணி அணிக்குக் கொண்டுவந்தார். இந்த ஆண்டு கிட்டங்கியை இடித்து மைதானத்தை அகலமாக்கிவிட்டார்கள். பயிற்சியில் ராயப்பன் தூக்கி அடித்த பந்துகளெல்லாம் உள்ளேயே கேட்ச் ஆயின.

"அடியில வேகம் குறையலயே, அண்ணாச்சி?"

"குறையலடே. கிரவுண்டுதான் வளந்துட்டு."

ராயப்பன் பேடைக் கழற்றினான். "ஒப்பந்தம் முடியுது. கோவில்பட்டி டீம்ல கூப்பிடுதாங்க. அங்க சின்ன கிரவுண்டு."

சுடலைமணி அந்தப் பேடை எடுத்து அவனுடைய பையில் வைத்தார்.

"எனக்கு எங்க போட்டா அவுட்டுன்னு உங்களுக்குத் தெரியும்" என்றான் ராயப்பன்.

"தெரியும். எதிர்த்து ஆடுற அன்னைக்கு அங்கதான் போடச் சொல்லுவேன்."

"சொல்லணும். விட்டுக்கொடுத்தீங்கன்னா உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

சுடலைமணி குனிந்து, அவனுடைய பையைத் தூக்கித் தம் தோளில் போட்டுக்கொண்டார்.